சார்ஜ் ஏறுகிறது என்று நினைத்த மின்னல் குறி



2025 பெப்ரவரியில் ஒரு வாரம் எமது பாடசாலை நூலகத்து வைபை லைப்ரரி வேலை செய்யவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்த நேரம். பெற்றோர் பலர் கேட்டிருந்தீர்கள். ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் இரண்டு கதைகள் ஓடின. ஒன்று, "சும்மா கிடைத்த சாமான் இவ்வளவுதான் உழைக்கும்" என்பது. மற்றது, "ஒரு பொடியன் பிளக்கைக் கழட்டி உடைச்சிட்டானாம்" என்பது. இரண்டாவது கதை எங்கள் வாயிலிருந்துதான் புறப்பட்டது. அதனால் அதைத் திருத்துவதும் எங்கள் கடமை. பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: நூலக மூலையில், பழைய என்சைக்ளோபீடியா வரிசைக்குப் பக்கத்தில், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் இருப்பது ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி, 2019இல் வெளிவந்த நான்காம் தலைமுறை. கட்டாரில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பித் தந்தது. லினக்ஸில் இயங்கும். வன்தட்டு எதுவும் உள்ளே கிடையாது. போனுக்குப் போடும் மெமரி கார்ட்தான் அதற்கு எல்லாமே. அதில் கடந்தகால வினாத்தாள்களும் பாட வீடியோக்களும் தரம் 11 பெண் பிள்ளைகள் தாங்களே தட்டச்சு செய்து சேர்த்த விடை விளக்கங்களும் இருக்கின்றன. டேட்டா போடக் காசில்லாத பிள்ளையும் நூலகத் திண்ணையில் இருந்து போனில் எடுக்கலாம். அஸருக்குப் பிறகு அந்தத் திண்ணையில் இடம் கிடைக்காது. மாஷா அல்லாஹ், அதைப் பார்க்கவே சந்தோசமாக இருக்கும்.

இதைப் பார்த்துக்கொள்பவர்கள் நாங்கள் மூவர். ஐ.சி.டி., கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்கள். எங்களுக்கு உதவிக்குத் தரம் 10 மாணவன் ஒருவன். நூலகச் சாவியில் ஒன்று அவனிடம் இருந்தது. காலையில் வந்து திறந்து, பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது அவன் வேலை.

பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சரே சொல்லி, உலகமே சிரித்த நாள். திங்கள் காலை நாங்கள் வரும்போது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு நின்றது. போன்களில் வைபை பெயர் வரவேயில்லை.

"காலையில நீ என்ன செஞ்ச?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்டோம்.

"வேல செய்யல்ல சேர். அதான் பிளக்கக் கழட்டிப் போட்ட."

அவன் சொன்னதில் பின்பாதி மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது. லினக்ஸ் கணினியை ஒழுங்காக நிறுத்தாமல் கரண்டைப் பிடுங்கினால் கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு அரைகுறையாக நின்று, கோப்பு முறைமையே குழம்பலாம். இது உண்மை. இதை நாங்களே அவனுக்குப் பல தடவை சொல்லியும் இருக்கிறோம். எனவே தீர்ப்பு எழுத எங்களுக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. முதல் நாள் நாடு முழுக்கப் பிளக் பிடுங்கப்பட்டது எங்கள் மூன்று பட்டதாரி மூளைகளுக்கும் எட்டவில்லை.

கார்டைக் கழற்றி அலுவலக மடிக்கணினியில் போட்டோம். விண்டோஸ் உடனே, இதைப் பாவிக்க முன்னர் போர்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது. "பாருங்க, கார்ட் செத்துட்டு" என்றார் எங்களில் ஒருவர். மற்ற இருவரும் தலையாட்டினோம். நல்ல காலம், ஆம் என்று அழுத்தவில்லை. லினக்ஸ் கார்டில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று தொடக்கக் கோப்புகள் உள்ள சிறு பகுதி, அதை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியும். மற்றது முழுப் பணிசெயல் முறைமையும் உள்ள பெரிய பகுதி, அதை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது. தனக்குத் தெரியாததை அது பழுதானது என்று நினைத்துப் போர்மட் செய்யக் கேட்கும். நல்ல கார்டைப் போட்டாலும் இதே கேள்விதான் வரும்.

அது தெரியாமல் காலைக் கூட்டம் முடிந்த கையோடு, தரம் 10 வகுப்பில், மற்றப் பிள்ளைகளின் முன்னால் அவனைப் பேசினோம். பொதுச் சொத்து, அமானிதம், பொறுப்பு என்று பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் வந்தன. விடை விளக்கம் எழுதிய பெண் பிள்ளைகளிடம் உங்கள் உழைப்பு எல்லாம் போய்விட்டது என்று சொன்னோம். அவர்களில் ஒருத்தி அழுதாள். அவன் அழவில்லை. "அதுக்கு முந்தியே வேல செய்யல்ல சேர்" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவனுடைய வாப்பா வந்தார். ஆட்டோ ஓட்டுபவர். கேட்டுக்கு வெளியே ஆட்டோவை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு சேர் முடியும், நான் தாறன்" என்றார். தேவையில்லை என்றுதான் சொன்னோம். ஆனால் சொன்ன விதம், தவறு உங்கள் பிள்ளையுடையது, நாங்கள் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறோம் என்ற விதம். அவர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். இதை எழுதும்போது இப்போதும் முகம் கூசுகிறது.

அன்றே புதுக் கார்ட் வாங்கி, முன்பு சேமித்து வைத்திருந்த பழைய பதிப்பை அதில் எழுதிப் போட்டோம். பெட்டி எழும்பியது! எங்கள் தீர்ப்பு சரி என்று இன்னும் உறுதியாகிவிட்டது. பழைய கார்டை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து மேசை லாச்சிக்குள் போட்டோம். புதன் நவம் போயா விடுமுறை.

வியாழன் காலை, வீடியோக்கள் இருக்கும் வெளி டிஸ்க்கை மீண்டும் இணைத்தோம். ஜனவரியில்தான் அந்த டிஸ்க்கைச் சேர்த்திருந்தோம். இணைத்து அரை மணித்தியாலம் இருக்காது, பெட்டி உறைந்தது. நிறுத்திப் போட்டோம். எழும்பியது. தரம் 11 வகுப்பு வந்து வீடியோ திறந்ததும் திரும்பவும் உறைந்தது. மூன்றாவது தடவை தானாகவே நின்று தானாகவே தொடங்கியது. இப்போது யாரும் பிளக்கில் கை வைக்கவில்லை. அந்தப் பிள்ளை அந்தப் பக்கமே வரவில்லை.

முதலில் சூடு என்று நினைத்தோம். நூலகத்தின் கூரை அப்படி. வெப்பநிலையைப் பார்த்தால் 67 பாகை. இந்தப் பலகை 80 பாகையில்தான் தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். எனவே சூடு இல்லை. புதுக் கார்ட் போலியாக இருக்குமோ என்று அடுத்த சந்தேகம். 64 ஜிபி என்று அச்சடித்துவிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்து விற்பதும் இருக்கிறது. அப்படியான கார்ட் கொள்ளளவு நிரம்பும் வரை நல்ல பிள்ளை மாதிரி வேலை செய்யும், அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் குப்பை. எப்3 என்ற இலவச மென்பொருள் கார்ட் நிறைய எழுதி, திரும்ப வாசித்துப் பார்த்து உண்மையைச் சொல்லும். எங்கள் கார்ட் தேறிவிட்டது.

இவ்வளவும் திரை இல்லாமல், விளக்கைப் பார்த்துக் குறி சொல்வதுபோல் செய்தவை. பலகையில் இருப்பது சின்ன எச்.டி.எம்.ஐ. துவாரம். அதற்குரிய கேபிள் எங்களிடம் இருக்கவில்லை. வியாழன் பின்னேரம் டவுனில் ஒரு கடையில் கிடைத்தது. ஸ்மார்ட் வகுப்பறை டிவியில் கொழுவினோம். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. வலது பக்க மேல் மூலையில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு மின்னல் குறி வந்து வந்து போனது.

"சார்ஜ் ஏறுது சேர்" என்றாள் தரம் 11 பிள்ளை ஒருத்தி. நாங்களும் ஓம் என்றோம். போனில் மின்னல் குறி வந்தால் அதுதானே அர்த்தம்?

இந்தப் பலகைக்குள் சார்ஜ் ஏறுவதற்கு பேட்டரியே கிடையாது. அதை யோசிக்க எங்களுக்கு ஓர் இரவு பிடித்தது. இரவு வீட்டிலிருந்து தயாரிப்பாளரின் கையேட்டை வாசித்தபோதுதான் தெரிந்தது: அந்தக் குறி தனக்கு வரும் வோல்ற்றளவு போதவில்லை என்று பலகை எழுப்பும் கூக்குரல். 5 வோல்ற் வரவேண்டிய இடத்தில் சுமார் 4.63க்குக் கீழே இறங்கினால் அது வரும். புதிய பதிப்புகளில் எழுத்திலேயே எச்சரிக்கை வருமாம். எங்களுடையது பழையது, அதனால் படம் மட்டும். நாள் முழுக்க அது எங்கள் முகத்துக்கு முன்னால் எனக்குப் பசிக்கிறது என்று கத்த, நாங்கள் சாப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளி காலை நேரத்தோடு வந்து, மின்சார நிலையைக் கேட்கும் கட்டளையைத் தட்டினோம். 50005 என்று விடை வந்தது. கடைசி 5 சொல்வது: இந்த நிமிடத்தில் வோல்ற்றளவு குறைவு, அதனால் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. முன்னால் உள்ள 5 சொல்வது: தொடங்கியதிலிருந்து இது முன்பும் நடந்திருக்கிறது. வெறும் 0 வந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பிள்ளை கதவடியில் நின்றான். சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். வாப்பா கொடுக்கச் சொன்னாராம். மேசையில் வைத்துவிட்டுப் போகத் திரும்பியவன், டிவியில் இருந்த எண்ணைப் பார்த்து நின்றான். என்ன அது என்று கேட்டான். சொன்னோம்.

விஞ்ஞான ஆசிரியர் பல்மானியை எடுத்து வந்தார். சார்ஜரை மட்டும் அளந்தால் 5.05 வோல்ற். பலகையின் ஊசிகளில் டிஸ்க் சுழலும்போது அளந்தால் 4.55. (வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். பக்கத்து ஊசியும் சேர்ந்து தொடுபட்டால் பலகையே போய்விடும்.) அரை வோல்ற் எங்கே போனது? அவன் புத்தகப் பையிலிருந்து கொப்பியை எடுத்தான். "ரெண்டு அம்பியர் போகுது எண்டு வெச்சா, அரைய ரெண்டால பிரிச்சா தடை கால் ஓம். கேபிள்லதான் சேர் போகுது." ஓமின் விதி. பரீட்சை வினாவில் வந்தால் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் செய்துவிடுவார்கள். பரீட்சைக்கு வெளியே ஒருவன் செய்ததை அன்றுதான் கண்டோம். ஒரு மீற்றர் நீளமான மெல்லிய போன் கேபிள். அதன் மறுமுனையில் 5 வோல்ற், 2 அம்பியர் என்று எழுதிய போன் சார்ஜர். பெட்டியின் யூ.எஸ்.பி. துவாரங்கள் நான்கும் சேர்ந்து 1.2 அம்பியர்தான் கொடுக்கலாம். டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது தனியாகவே ஒரு அம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். அதையும் இந்தக் கேபிளால்தான் கொண்டுவர வேண்டும்.

பிறகு அவன் கேட்டான்: "அப்ப, இதோட வந்த சார்ஜர் எங்க சேர்?"

நாங்கள் மூவரும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டோம்.

பலகையோடு கட்டாரிலிருந்து வந்தது அதற்கென்றே செய்த மின் வழங்கி. 5.1 வோல்ற், 3 அம்பியர், தடித்த வயர், கழற்ற முடியாதபடி சேர்த்தே செய்தது. அந்தக் கூடுதல் 0.1 வயரில் இழக்கப்படுவதை ஈடு செய்யத்தான். டிசம்பரில் எங்கள் போன்கள் மெதுவாகச் சார்ஜ் ஏறுகின்றன என்று அதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனவர்கள் நாங்கள். அதற்குப் பதிலாகப் போன் சார்ஜரை இங்கே கொழுவியவர்களும் நாங்கள்தான். அப்போது டிஸ்க் இருக்கவில்லை, பலகை எப்படியோ சமாளித்தது. ஜனவரியில் டிஸ்க்கைச் சேர்த்தோம். ஒருமுறை நிறுத்தித் தொடங்கிப் பார்க்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் எங்கள் பக்கம் கரண்டும் போகவில்லை. குரங்கு பாய்ந்த பிறகுதான் பலகை முதல் தடவையாகப் போன் சார்ஜரில் டிஸ்க்கையும் சுமந்துகொண்டு எழும்ப வேண்டி வந்தது.

ஆசிரியர் அறைக்குப் போய்ச் சார்ஜரை எடுத்து வந்தோம். அதில் எங்களில் ஒருவரின் போன் தொங்கிக்கொண்டிருந்தது.

"பழைய கார்டையும் ஒருக்காப் போட்டுப் பாப்பமா சேர்?" என்றான். எங்களுக்கு அது தோன்றவேயில்லை. செத்துவிட்டது என்று கையெழுத்துப் போட்ட ஒன்றைத் திரும்பப் பார்க்க யாருக்கு மனம் வரும்? முதலில் போன் சார்ஜரோடு போட்டோம். திரையில் எழுத்துகள் ஓடின, டிஸ்க்குக்காக 90 செக்கன் காத்திருந்தது, பிறகு அவசர நிலையில் இருக்கிறேன் என்று சொல்லி நின்றுவிட்டது. திங்கட்கிழமையும் இதுவேதான் நடந்திருக்கும், திரை இல்லாததால் நாங்கள் காணவில்லை. பிறகு அதே கார்ட், அதே டிஸ்க், ஆனால் பலகைக்குரிய சார்ஜர். ஒரு நிமிடத்துக்குள் எழும்பியது. அல்ஹம்துலில்லாஹ், பெண் பிள்ளைகளின் விளக்கங்கள் ஒன்று விடாமல் இருந்தன. கார்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை.

பதிவேட்டுக் கோப்பையும் திறந்து பார்த்தோம். வோல்ற்றளவு குறைவு என்ற வரி ஜனவரியில், டிஸ்க் சேர்த்த அன்றைய நாளிலிருந்தே, பக்கம் பக்கமாக இருந்தது. இந்தப் பலகைக்கு பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாவிட்டால், கரண்ட் போய் வந்ததும் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கும். அதனால் ஞாயிறு இரவு அது எழும்ப முயன்று தோற்ற வரிகளுக்கும் ஞாயிறு முற்பகல் நேரமே விழுந்திருந்தது. திங்கள் காலை அவன் கழற்றிப் போட்ட பிறகு வந்த வரிகளுக்கு முன்னாலேயே, அதே தோல்வி, அதே வார்த்தைகளில் ஒருமுறை இருந்தது. "அதுக்கு முந்தியே வேல செய்யல்ல" என்று அவன் இரண்டு தடவை சொன்னது அப்படியே அதில் எழுதியிருந்தது.

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தோம். குறையறி சோதனை செய்யாமல் பரிகாரக் கற்பித்தலைத் தொடங்கக்கூடாது என்று பக்கம் பக்கமாகப் பரீட்சையில் எழுதி, நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறோம்.

அன்று பின்னேரம் ஜும்ஆவுக்குப் பிறகு அவனுடைய வீட்டுக்குப் போனோம். வாப்பாவிடம் நடந்ததைச் சொன்னோம். சார்ஜர் விசயத்தையும் மறைக்காமல் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு எண்டா பரவாயில்ல சேர். புள்ள ரெண்டு நாளா ஒழுங்காத் தின்னல்ல" என்று மட்டும் சொன்னார். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். திங்கட்கிழமை தரம் 10 வகுப்பில், எந்த இடத்தில் நின்று பேசினோமோ அதே இடத்தில் நின்று, மூவரும் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு "பரவாயில்ல சேர்" என்றான். முகத்தைப் பார்த்தால் அது இன்னும் முழுதாகப் பரவாயில்லாமல் ஆகவில்லை என்று தெரிந்தது. அது அவனுடைய உரிமை.

இப்போது செய்திருப்பவை: பலகைக்கு அதற்குரிய சார்ஜர். டிஸ்க்குக்குத் தனியாகக் கரண்ட் எடுக்கும் ஹப். டிஸ்க் இல்லாவிட்டாலும் காத்து நிற்காமல் தொடங்கும்படி, அதைக் குறிப்பிடும் கோப்பில் நோபெயில் என்று ஒரே ஒரு சொல். கார்டின் முழுப் பிரதி ஒன்று அதிபரின் அலுமாரியில். பவர் பேங்க் ஒன்றை இடையில் போடச் சொல்லிச் சிலர் ஆலோசனை தந்தீர்கள், ஜஸாகல்லாஹு ஹைரன். ஆனால் பல பவர் பேங்குகள் கரண்ட் போய் வரும்போது ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். போனுக்கு அது தெரியாது, பலகைக்கு அந்தக் கணம் போதும் விழுவதற்கு.

நோன்பு விடுமுறைக்குப் பாடசாலை மூடும் வரை பெட்டி ஒரு தடவையும் நிற்கவில்லை. சாவி திரும்ப அவனிடம்தான். அவன் பெட்டிக்கு மேலே சுவரில், தன் கையெழுத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறான்:

"மின்னல் குறி வந்தால் பிளக்கைக் கழட்ட வேண்டாம். முதலில் சார்ஜரைப் பார்க்கவும். சார்ஜர் இல்லாவிட்டால் ஆசிரியர் அறையில் பார்க்கவும்."

கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடும் போட்டிருக்கிறான். அதிபர் வந்து வாசித்துவிட்டு எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தார். கழற்றச் சொல்லவில்லை.